தலைமை வழக்கறிஞர்களை ஒரே ஆளாக்கிய கதை

வேலை நிரந்தரமாகுமா என்று தெரிய வேண்டிய நாளிலேயே ஒரு நாட்டின் சட்டத்துறையைக் கவிழ்த்துவிட்டேன். எட்டாவது தேறாதவளுக்குப் பெரிய சாதனைதான்.

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் ஆபீஸ். நாலெட்ஜ் கிராஃப் தயாரிக்கிறோம். திரையில் நிறைய வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஊர் அல்லது பதவி. எது எதோடு சேரும் என்று கோடு போட்டால், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் உலகத்தைத் தெரிந்துகொள்ளும். படிக்காதவர்களுக்கும் புரிகிற தமிழா என்று சொல்லத்தான் என்னை எடுத்தார்கள். என் கை சும்மா இருக்குமா? கோடு போடவும் கற்றுக்கொண்டேன்.

அன்று வந்தது ஒரு வெளிநாட்டின் தேசியத் தலைமை அரசு வழக்கறிஞர். குற்றவாளிகள் மேல் அரசாங்கத்துக்காக வழக்கு நடத்துகிற வக்கீல்களுக்கெல்லாம் தலைவர். அந்த வட்டம் என்ன வகை? கீழே இரண்டு பட்டன்: ஆள், பதவி.

நான் யோசிக்கவே இல்லை. கே.கே. நகரில் எங்கள் தெருவில் ஒரு கவுன்சிலர் இருக்கிறார். கவுன்சிலர் மீன் வாங்குவார், கவுன்சிலர் குறட்டை விடுவார். ஆகவே 'ஆள்' என்று அமுக்கினேன். அதோடு விட்டேனா? அதே பதவியோடு வேறு வேறு பெயர்கள் வரிசையாக நின்றன. பெரிய மனுஷர், நாலைந்து பெயர் இருக்கும் என்று எல்லாவற்றையும் 'மெர்ஜ்' செய்து ஒரே வட்டமாக்கினேன்.

டீம் லீட் ஷபானா வந்து பார்த்தாள். என் பேத்தி வயதுதான்.

“ஆயா, இன்னா பண்ணி வெச்சிக்கீற? இந்த ஆளு செத்துப் போயிட்டு, அப்பால பதவி ஏத்துக்கினு கீறாரு!”

“பெரிய எடம்மா. செத்தாலும் வுட மாட்டாங்க.”

“மூணு பொண்டாட்டி. கூட ஒரு புருசன் வேற!”

“அதெல்லாம் நான் கேட்டா மரியாதையா இருக்குமா?”

அவள் சிரிக்கவில்லை. மாலைக்குள் இந்த பேட்ச், அதாவது அன்றைய வட்டங்கள் மொத்தமும், கஸ்டமருக்குப் போக வேண்டும். தேறினால் எனக்கு வேலை. இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து மருமகளோடு ரிமோட்டுக்குச் சண்டை.

“உங்க தெரு கவுன்சிலரு இப்பவும் கவுன்சிலரா?” என்று கேட்டாள்.

“தோத்து ரொம்ப வருசம் ஆச்சு.”

“அப்ப அந்த நாற்காலில இப்ப யாரு?”

“வேற ஒரு பொண்ணு.”

“நாற்காலி ஒண்ணு, ஆளு ரெண்டு. நீ அத்தன பேரையும் ஒரே சட்டைக்குள்ள திணிச்சிக்கீற!”

இருவரும் உட்கார்ந்து மெர்ஜைப் பிரித்தோம். பதவிக்குத் தனி வட்டம். அதில் உட்கார்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு வட்டம். இறங்கிப் போனவர்களுக்கெல்லாம் எண்ட் டேட், பதவி முடிந்த தேதி. பேட்ச் தேறியது. நானும் தேறினேன், பள்ளிக்கூடத்தில் நடக்காத அதிசயம்.

அந்தத் திமிரோடு தெருவுக்கு வந்தேன். டீக்கடையில் எங்கள் பழைய கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார்.

“கவுன்சிலரே, உனுக்கு எண்ட் டேட் போட்டாச்சு.”

“போட்டுக்க. நாளைக்குக் கொழாயில தண்ணி வரலன்னா யாரு வூட்டுக் கதவத் தட்டுவ?”

புதிதாக வருகிற பிள்ளைகளே, நாற்காலி வேறு, ஆள் வேறு. கோடு போடும்போது மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் தண்ணீர் வரவில்லை. நான் யார் வீட்டுக் கதவைத் தட்டினேன் என்பதை மட்டும் ஷபானாவிடம் சொல்லாதீர்கள்.