பாம்புக்காதர் கேட்காத கீச்சு

விமானக் கொட்டகையில் ரேடியோ வேலை பார்க்கிற அவருக்குப் பட்டப்பெயர் பாம்புக்காதர். சும்மா வைத்ததில்லை. ரேடியோவில் வருகிற இரைச்சலைக் கேட்டே எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "என் காதுதான்யா மீட்டர்" என்று பாய்வார். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நிற்கும்போதுகூடக் காதை மூடமாட்டார். மூடினால் எப்படிக் கேட்கும் என்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்து அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது.

இப்போது வந்த வேலை லேசானதுதான். மேலிருந்து மீன்கூட்டம் தேடுகிற சின்ன விமானம். பைலட் பார்த்துச் சொன்னால் படகுகள் அங்கே போய் வலை போடும். ஆனால் விமான ரேடியோவும் படகு ரேடியோவும் சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றோடொன்று பேசாது. அதனால் ஒரு படகு ரேடியோவையே பின்னிருக்கைக்கு அடியில் பொருத்தி, பைலட்டின் ஹெட்போனோடு இணைக்க வேண்டும். இணைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். படகுக்காரர் குரல் கணீரென்று வந்தது.

பைலட் ஹெட்போனைக் கழற்றி வீசாத குறைதான். "அண்ணே, ஒரே கீச்சு! எஞ்சின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. அந்தாளு பேசறது ஒண்ணும் புரியல."

"எனக்குக் கேக்காத சத்தம் உனக்கு எங்கேருந்துப்பா கேக்குது?"

பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார். பைலட் அதே பல்லவி. கடைசியில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். "நாளைக்குப் படகுங்க கிளம்புது. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா வேற ஆளக் கூப்பிடுவேன். கோச்சுக்காதீங்கண்ணே."

வேறு ஆள் உள்ளே வந்தால் இந்த ஒரு வேலையோடா நிற்கும்? வீட்டிலும் நேரம் சரியில்லை. குருவிச் சத்தம் போடுகிற வாசல் பெல் அடிப்பதே இல்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார், அதுவும் ஊமை. கடைக்காரனோடு சண்டையே போட்டார். மனைவிதான், "விடுங்க, வர்றவங்க கதவத் தட்டட்டும்" என்றாள்.

அவள் அதே கொட்டகையின் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்க்கிறாள். கேட்ட ஒயரைக் கொண்டுவந்தவளைப் பைலட் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீயே கேட்டுச் சொல்லு. இவன் என்னைப் பைத்தியக்காரனாக்கறான்."

எஞ்சின் ஓடியது. ஹெட்போனை மாட்டியதுமே அவள் முகம் சுளித்தது. வேகம் கூடியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பின்னால் மண்டியிட்டிருந்த அவரும் ஒரு ஹெட்போன் மாட்டியிருந்தார். அதில் ஒரு கீச்சும் இல்லை. பைலட்டாவது வீம்புக்குச் சொல்லலாம், இவள் எதற்குச் சொல்லப்போகிறாள்?

இனிமேல் காதை நம்பிப் பிரயோஜனமில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஒயராகத் தொட்டு வந்தார். படகு ரேடியோவின் எர்த்தும் ஹெட்போன் ஒயரின் எர்த்தும் விமானத் தகட்டில் தனித்தனி இடத்தில் பிடித்திருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எஞ்சின் இரைச்சல் புகுகிறதோ என்று ஒன்றைக் கழற்றினார். அவள் நெற்றிச் சுருக்கம் சட்டென்று விரிந்தது. பைலட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

எஞ்சினை அணைத்ததும், "பாம்புக்காதர்னா சும்மாவா!" என்று அவர் முதுகில் தட்டிவிட்டு இறங்கிப் போனான். ஐயோ பாவம், அவருக்கு முன்பும் பின்பும் ஒன்றாகத்தான் கேட்டது.

அவள் இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"ரொம்ப நாளாத் தெரியும், பேச்சு கேக்குது, மெல்லிசான கீச்சுச் சத்தந்தான் கேக்கலன்னு. எந்த வாயால சொல்றது? உங்களுக்கு எல்லாமே அந்தக் காதுதானே."

அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அப்போ, நம்ம வாசல் பெல்லு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசு, புதுசு, ரெண்டுமே நல்லாத்தாங்க இருக்கு."