அலமாரியில் உப்பிய தலைகள்

பழுதுபார்க்கும் கடைக்காரியை அந்தத் தெருவில் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கடையில் கூட வேலை செய்யும் கொழுந்தன் நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கத்தியதில் அது தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. அவரைவிட எவ்வளவோ மூத்தவரான எதிர்க்கடைத் தையல்காரர்கூட, "அண்ணி, என் இஸ்திரிப் பெட்டி மறுபடி மக்கர் பண்ணுதும்மா" என்றுதான் வந்து நிற்பார்.

அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையே ஒரே ஒரு தகராறுதான். அது கடையின் பின்சுவரில் இருந்த அலமாரி.

அந்த அலமாரி முழுக்கச் செத்துப்போன கெப்பாசிட்டர்கள். சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும் குட்டி உருளைகள் அவை. வருகிற மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து, சீராக உள்ளே விடுவது அவற்றின் வேலை. டிவி, ஆம்ப்ளிஃபயர் எது மண்டையைப் போட்டாலும் பாதி நேரம் குற்றவாளி இதுதான். சூட்டில் வெந்து, தட்டையான தலை உப்பிக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் அதைப் பிடுங்கிக் குப்பையில் வீசிவிட்டுப் புதிதைப் பொருத்துவார்கள். அண்ணி வீசமாட்டார். ஒரு துண்டுத் தெர்மாகோலை எடுத்து, சர்க்யூட் அட்டையில் அது எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே மாதிரி குத்திவைப்பார். மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஓரத்தில் இயந்திரத்தின் பெயரை எழுதி, அலமாரியில் அடுக்கிவிடுவார்.

"சுடுகாடு" என்பான் கொழுந்தன். "வர்ற கஸ்டமர் கண்ணுல மொதல்ல படுறது பொணமா இருக்கணுமா அண்ணி? அந்த எடத்துல ஒரு கண்ணாடி ஷோகேஸ் வெச்சா செல்போன் கவர் மாட்டலாம், இயர்போன் மாட்டலாம்."

"மாட்டு. உன் தலைக்கு மேல எடம் சும்மாதானே இருக்கு, அங்க மாட்டு."

அவன் கேட்பதிலும் நியாயம் இருந்தது. கடை அகலமானது இல்லை. சோம்பேறியும் இல்லை அவன். கை வேகம் அப்படி. அண்ணி ஒரு ரேடியோவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதற்குள் அவன் இரண்டை மூடிவிடுவான்.

அண்ணி இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது டிவி தொழிற்சாலையிலிருந்து. கல்யாணத்துக்கு முன்பு அங்கே வரிசையில் உட்கார்ந்து அட்டைகளில் கெப்பாசிட்டர் குத்துகிற வேலை. அந்த உருளைக்கு இரண்டு கால். ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். மைனஸ் பக்கம் உடம்பில் ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அட்டையில் வெள்ளைப் பிறை அச்சிட்டிருக்கும். மாற்றிக் குத்தினால் கொஞ்ச நேரம் சாது மாதிரி இருந்துவிட்டு, டப்பென்று வெடிக்கும். ஒருமுறை வந்து இறங்கிய அட்டைகள் அத்தனையிலும் ஓரிடத்தில் பிறை திரும்பி அச்சாகியிருந்தது. தூக்கிப் போட யாருக்கும் மனசு இல்லை. "அந்த ஒரு எடத்துல மட்டும் அச்சப் பாக்காதீங்க, திருப்பிக் குத்துங்க" என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று லீவு போட்டிருந்த பக்கத்து நாற்காலிக்காரி மறுநாள் வந்து, அச்சில் இருந்தபடி ஒழுங்காகக் குத்தினாள். சோதனை மேஜையில் வரிசையாக டப், டப், டப். அன்று முதல் அண்ணிக்கு அச்சின் மேல் நம்பிக்கை போய்விட்டது. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ, அதுதான் அவருக்குக் கணக்கு.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று அண்ணி வெளியூர் போயிருந்த சமயத்தில்தான் விசில் வந்தார். விசில் என்பது மைதான மேனேஜருக்குத் தெரு வைத்த பெயர். முன்பு கால்பந்து நடுவராக இருந்தவர், இப்போதும் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டார். மைதானத்தின் ஸ்கோர் பலகை அணைந்துவிட்டது. மறுநாள் மாலை இறுதிப் போட்டி. பலகைக்கு மின்சாரம் தரும் அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

சில வருஷங்களுக்கு முன் அண்ணி சரிசெய்து கொடுத்த அதே அட்டை. தகரக் கூரைக்கடியில் வெந்து வெந்து, அவர் போட்ட கெப்பாசிட்டர்களும் இப்போது தலை உப்பியிருந்தன.

அண்ணி திரும்பிவந்தது இறுதிப் போட்டி நாள் காலையில். பையைக் கீழே வைக்குமுன் கண் பின்சுவருக்குப் போனது. அலமாரி காலி.

கொழுந்தன் தலையைத் தூக்கவில்லை. கடைக்குள் கருகிய மீன் மாதிரி ஒரு வாடை. மேஜைமேல் ஸ்கோர் பலகையின் அட்டை. ஓரிடத்தில் கெப்பாசிட்டர் வெடித்து, உள்ளே இருந்த காகிதம் பூவாக விரிந்து கிடந்தது.

"எத்தனாவது?" என்றார் அண்ணி.

"ரெண்டாவது. எல்லாம் புதுசு அண்ணி. நல்ல சரக்கு. அதே எடத்துலதான் வெடிக்குது. உள்ள எங்கயோ ஷார்ட்டு. சர்க்யூட் போச்சு. விசிலுகிட்ட சாக்பீஸ் வாங்கி வெச்சுக்கச் சொல்லிடலாம்."

அண்ணி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது.

"இதுல நான் செவப்பா ரெண்டு புள்ளி வெச்சிருந்தேனே. எங்க?"

"புள்ளியா?"

"நெயில் பாலீஷ்."

கொழுந்தனின் கை அப்படியே நின்றது. "அழுக்குன்னு நெனச்சேன் அண்ணி. பெயிண்ட் தின்னர் போட்டு சுத்தமா தொடச்சுட்டேன்."

"என்னிக்கும் தொடைக்காதவன் இன்னிக்குத்தான் தொடைச்சியா? சரி, நீ பிடுங்குன பழசு எங்க?"

"குப்பைல. நேத்தே வண்டிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான்."

"அப்ப என் அலமாரி?"

அதற்குத்தான் அவன் இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தான். "ஷோகேஸ்காரன் அளவெடுக்க வர்றேன்னான். அதான் மூட்டையா கட்டி, பழைய சாமான்காரர்கிட்ட... இப்பத்தான் அண்ணி, தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார்."

அண்ணி செருப்பு போடக்கூட நிற்கவில்லை.

பழைய சாமான்காரர் நிஜமாகவே தெருமுனையில்தான் இருந்தார். மூன்று சக்கர வண்டியின் உச்சியில், உடைந்த நாற்காலிக்கும் பாத்ரூம் குழாய்க்கும் நடுவே மூட்டை ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"ஏத்துனத எறக்குற பழக்கம் நமக்கு இல்லம்மா."

"அண்ணே, அதுல இருக்கிறது தெர்மாகோலு. ஊதுனா பறக்கும். எடைக்குப் போட்டா உங்களுக்கு ஒரு டீகூடத் தேறாது. கடையில ஒரு பழைய ஃபேன் கெடக்கு, உள்ள முழுக்கச் செம்பு. வந்து எடுத்துக்குங்க."

அவர் மூட்டையையும் அண்ணியின் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். "செம்பக் குடுத்துட்டு இதக் கேக்குறீங்க. வீட்டுல எதும் பிரச்சினையாம்மா?"

மூட்டை கடைக்குத் திரும்பியது. தரையில் கொட்டி இருவரும் தேடினார்கள். தையல்காரர் வீட்டு ரேடியோ, பள்ளிக்கூடத்து மைக் செட், யாரோ ஒரு டாக்டரின் எலெக்ட்ரானிக் தராசு. கடைசியில் கொழுந்தன் கையில்தான் அது கிடைத்தது: "மைதானம், ஸ்கோர்" என்று ஓரத்தில் அண்ணியின் கோணல் எழுத்து. பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தது. ஆனால் ஒன்றுகூடச் சாயவில்லை. தொழிற்சாலை பொருத்தி அனுப்பிய பழைய உருளைகள் உப்பிய தலையோடு அணிவகுத்து நின்றன.

அண்ணி அதை அட்டையின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பட்டையாக ஒப்பிட்டுக்கொண்டே போனார். வெடித்த இடம் வந்தது. அச்சில் வெள்ளைப் பிறை இடப்பக்கம். செத்தவரின் பட்டை வலப்பக்கம்.

"ஷார்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ அச்சப் பாத்துக் குத்தியிருக்க. அச்சு தப்பு."

கொழுந்தன் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு, "இந்த ஒண்ணத் திருப்பிட்டா முடிஞ்சுதுல்ல?" என்று குனிந்தான்.

"இரு. வேகத்தக் காட்டாத. அச்சு தப்பான எடத்துக்கு ஒண்ணுன்னு நான் வெச்சது ரெண்டு புள்ளி."

மூலையில் இன்னொன்று. அதிலும் பிறை ஒரு பக்கம், பட்டை மறுபக்கம். கொழுந்தன் பொருத்திய புதியதை அண்ணி விரலால் தொட்டுக் காட்டினார். வெடிக்கவில்லையே தவிர, தலை லேசாக மேடிட்டிருந்தது.

"இது நம்ம மேஜையில வெடிச்சிருக்காது தம்பி. முதல் கோல் விழுறப்ப, அத்தன ஜனத்துக்கு முன்னாடி வெடிச்சிருக்கும்."

அண்ணி பட்டையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவன் ஈயம் வைத்தான். அவ்வளவு அழகாக வேறு யாராலும் ஈயம் வைக்க முடியாது என்பது அண்ணிக்கும் தெரியும். முடிந்ததும் கைப்பையைத் துழாவி நெயில் பாலீஷை எடுத்து, இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தார். "இனிமே தின்னர் பாட்டில் எங்கிட்டதான் இருக்கும்."

மைதானத்தில் ஜனம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஸ்கோர் பலகையின் இரும்பு ஏணியடியில் விசில் ஒரு கரும்பலகையோடு நின்றார். கையில் சாக்பீஸ்.

"ஆகுமா?"

"அதக் கீழ வைங்க சார்" என்று சொல்லிவிட்டு அண்ணி ஏறினார். பின்னாலேயே கொழுந்தன். உள்ளே அடுப்பு மாதிரி சூடு. அட்டையை மாட்டி, திருகுகளை முடுக்கி, சுவிட்சில் கையை வைத்தார். கொழுந்தன் காதைப் பொத்திக்கொண்டான்.

"பொத்தாதடா. வெடிச்சா நானும்தான் இருக்கேன்."

சுவிட்சைப் போட்டார்.

டப் இல்லை. வாடை இல்லை. ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும். பலகையின் பின்பக்கம் இருந்ததால் வெளியே என்ன தெரிகிறது என்று இருவருக்கும் புரியவில்லை. அப்புறம் மைதானமே எழுந்து கத்தியது. ஒரு கோலும் விழவில்லை, பந்து நடுவட்டத்துக்கே வரவில்லை, இருந்தும் கத்தியது. கொழுந்தன் தகர இடுக்கு வழியாகத் தலையை நீட்டி எட்டிப்பார்த்தான். எல்லாக் கோடும் எரிகிறதா என்ற சோதனைக்கு எரியும் எட்டுகள், எல்லாக் கட்டத்திலும் ஆளுயரத்துக்குச் சிவப்பாக நின்றன.

"எட்டு அண்ணி. எல்லாமே எட்டு."

கீழே விசில் சாக்பீஸைத் தூர எறிந்துவிட்டு, தன் பழைய விசிலை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்காரர்கள் ஆட்டம் தொடங்கிவிட்டதோ என்று குழம்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஷோகேஸ்காரர் அளவுநாடாவோடு வந்தபோது, பின்சுவரில் அலமாரி பழையபடி நிறைந்திருந்தது. கொழுந்தன் அவரை வாசலிலேயே நிறுத்தினான்.

"முன்பக்கம் கதவுக்கு மேல ஒரு சின்ன எடம் இருக்குண்ணே. அத மட்டும் அளந்துக்குங்க."

"இங்க ஒரு பெரிய சுவரு இருக்கே?"

"அது ரெக்கார்டு ரூம்."

உள்ளே போய், மைதானத்துத் தெர்மாகோலை எடுத்தான். ஒரே இடத்தில் வெடித்த இரண்டையும் அண்ணி குப்பையில் போடவில்லை, மேஜையிலேயே வைத்திருந்தார். அவற்றைத் தெர்மாகோலின் ஓரத்தில் குத்தி, பட்டை வலப்பக்கம் வருமாறு திருப்பினான்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "நீ குத்துனப்ப பட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது."

"அப்ப இடதுக்கே திருப்பு. எப்படி இருந்துச்சோ அப்படி."

கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் திருப்பினான். பிறகு தானாகவே பேனாவை எடுத்து, ஓரத்தில் தன் பெயரை எழுதினான்.