பட்டு என்ன நிறம், மாமா?

போன செவ்வாய்க்கிழமை, மேலூரில் என் தங்கை வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னேன். வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை. தலையை இடமும் வலமுமாக இரண்டு முறை ஆட்டினேன். அவ்வளவுதான்.

இந்தப் பத்தியில் இதுவரை மற்றவர்களைத்தான் கிண்டல் செய்திருக்கிறேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர், பந்தியில் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பவர், வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்ப்பவர்... யாரையும் விட்டதில்லை. இந்த வாரம் என் முறை. சிரிக்கிற இடம் வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை செல்விக்கு ஒரே மகன். பாலமுருகன் — எங்களுக்கு பாலு. இருபத்து மூன்று வயது. ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். டிப்ளமா முடித்த கையோடு மதுரை காளவாசலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ரூம் எடுத்துத் தங்கி, மூன்று வருடம் கோச்சிங் போனான். முதல் தடவை எழுத்துத் தேர்வு கைநழுவியது. இரண்டாம் தடவை பாஸ்! செல்வி தெரு முழுக்க கேசரி கொடுத்தாள். மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும்தான். தினமும் விடியற்காலை ஓடுகிறவன், ஒரு சொத்தைப் பல்கூட இல்லாதவன் — மெடிக்கலில் என்ன வந்துவிடப் போகிறது?

வந்தது. கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்திருக்கிறார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஒரு எண் போட்டிருக்கும், அதை வாசிக்க வேண்டும். முதல் பக்கத்தை பாலு டக்கென்று சொல்லிவிட்டான். இரண்டாம் பக்கத்தில் திணறினான். மூன்றாம் பக்கத்தில், "சார், இதுல நம்பரே இல்லையே சார்" என்றானாம்.

டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டார். சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாத கண். நிறக்குருடு. சிக்னல் பார்த்து ரயில் ஓட்டுகிற வேலைக்கு இந்தக் கண் ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதியதில் தப்பும் இல்லை.

ஆறுதல் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை மேலூர் போனேன். தங்கை கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இந்தக் கோளாறு கிடையாது. எங்கப்பா எம்பது வயசுல ஊசில நூல் கோப்பாரு. இவ மாசமா இருந்தப்ப ஒழுங்காச் சாப்புட்டாத்தானே? கீரையை வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிருவா."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஆமாண்ணே... அப்ப எனக்குக் கீரைன்னாலே குமட்டும். நாந்தான் புள்ள கண்ணைக் கெடுத்துட்டேனா? மீனாட்சிக்கு வெள்ளில கண்மலர் வாங்கி வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன். நீ வாத்தியாருல்ல, நீயே சொல்லு. நம்ம பக்கத்துல யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

பாலு உள்ளறைக் கதவில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

நான் முப்பத்தோரு வருடம் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் விலங்கியல் எடுத்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அந்தப் புள்ளிப் புத்தகத்தில் எனக்கும் எண் தெரியாது.

பிளஸ் டூ பாடத்தில் நிறக்குருடு எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று ஒரு பகுதி உண்டு. வருடா வருடம் நான் அதைப் பிரமாதமாக நடத்துவேன். எக்ஸ் குரோமோசோம் என்று ஒன்று. சிவப்பு, பச்சை பார்ப்பதற்கான ஜீன்கள் அதில்தான் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். வீட்டுச் சாவி மாதிரி என்று சொல்வேன். பெண்ணிடம் இரண்டு சாவி. ஒன்று வளைந்திருந்தாலும் இன்னொன்றால் கதவு திறந்துவிடும். தன்னிடம் வளைந்த சாவி இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆணிடம் இருப்பது ஒரே சாவி, அதுவும் அம்மா கொடுத்தது. அது வளைந்ததாக இருந்தால் போச்சு.

என் அம்மாவிடம் ஒரு வளைந்த சாவி இருந்திருக்கிறது. அது எனக்கு வந்தது. செல்விக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் — பாதிக்குப் பாதி. செல்வியிடம் இருந்தால் அவள் மகனுக்குப் போக மறுபடி பாதிக்குப் பாதி. ஆக, நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தக் கணக்கை பாலு பிறந்த அன்றைக்கே மனசுக்குள் போட்டுவிட்டேன். வாத்தியார் இல்லையா?

பாலுவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். "மூக்கப் பாரு, அச்சு அசல் மாமன் மூக்கு" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்குப் பெருமைதான். கூடவே ஒரு பயமும் இருந்தது. மூக்கோடு நிற்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். நாலில் மூன்று பங்கு நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு, வயிறு நிறைய கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பத்து வயதில் அவனை ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஏன் கூட்டிப்போகவில்லை? கூட்டிப்போனால், "உனக்கு எப்படிண்ணே சந்தேகம் வந்துச்சு?" என்று செல்வி கேட்பாளே!

இனிமேல் சொல்வதுதான் இன்னும் அசிங்கம். இருபத்திரண்டு வயதில் நானும் ரயில் வேலைக்குத்தான் போனேன். கார்டு வேலை. நானும் அதே மாதிரிப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தேன், நானும் திணறினேன், என்னையும் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் உண்மையைச் சொல்ல வெட்கம். கண்ணில் குறை என்று ஊருக்குத் தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான் என்ற பயம் வேறு. அதனால் ஒரு கதை விட்டேன். "வடக்கே எங்கயோ போட்டாங்க. அம்புட்டு தூரம் எவன் போவான்? வேணாம்னுட்டேன்."

அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் நன்றாகவே வேர் பிடித்துவிட்டது. வந்த ரயில் வேலையை உதறிவிட்டு வாத்தியாரானவன் என்று கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிக் காட்டிச் சொல்வார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். பாலு சின்னப் பையனாக இருந்தபோது என்ன சொல்வான் தெரியுமா? "மாமா வேணாம்னு சொன்ன வேலைய நான் வாங்கிக் காட்டுறேன்." அந்த ஆசையை அவன் மனதில் விதைத்ததே என் பொய்தான்.

வீட்டில் எப்படிச் சமாளித்தேன் என்கிறீர்களா? சட்டையை மனைவி எடுத்து வைப்பாள். தக்காளி வாங்கப் போனால் பழத்தையும் காயையும் கலந்து கட்டிக்கொண்டு வருவேன். கஞ்சன், கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கிக்கொள்வேன். கண் தெரியாதவன் என்ற பெயரைவிட அது எவ்வளவோ தேவலை என்று நினைத்தேன்.

புதன்கிழமையும் அப்படித்தான். ஒரு கிலோ தக்காளியில் முக்கால் கிலோ பச்சைக்காய். "முப்பத்திரண்டு வருஷமா வாங்குறீங்க, எம்புட்டுதான் சொல்றது? கண்ணு எங்க இருந்துச்சு?" என்றாள் மனைவி. வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு மழுப்ப மனம் வரவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்ப இம்புட்டு வருஷமா இந்தக் கலர் சேலை எடுப்பா இருக்கு, அந்தக் கலர் எடுப்பா இருக்குன்னீங்களே?"

"சேலைக்கடைக்காரர் என்ன சொல்றாரோ அதையே நானும்..."

"நல்லா இருக்குங்க." சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அங்க செல்வி, நாந்தான் புள்ள கண்ணைக் கெடுத்தேன்னு அழுதுக்கிட்டு இருக்கு. நீங்க தக்காளியோட நிக்கிறீங்க. மொதல்ல நம்ம மகளுக்கு போன் போடுங்க. அப்புறம் மேலூருக்குக் கிளம்புங்க."

மகளுக்கு எதற்கு? வாத்தியாருக்கு உதிக்காதது அவளுக்கு உதித்துவிட்டது. உதிக்காதது என்பதும் பொய், நினைக்கப் பயந்தது. என்னிடம் இருப்பது ஒரே சாவி, வளைந்த சாவி. என் மகளுக்கு நான் கொடுத்ததும் அதையேதான், அதில் பாதிக்குப் பாதிக் கணக்குக்கே இடமில்லை. கோயம்புத்தூரில் அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். போனில் சொன்னேன். "இதை ஏம்ப்பா என்கிட்ட இத்தனை நாளா சொல்லல?" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஸ்கூலில் சேர்ப்பதற்கு முன்னால் டெஸ்ட் பண்ணிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போய் மேலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். முப்பத்தோரு வருடம் பாடம் நடத்திய வாய்க்கு ஒரு வாக்கியம்கூட அமையவில்லை.

அதே ஹால். அதே நாற்காலி. தங்கை கணவரும் இருந்தார், பாலுவும் இருந்தான். சொன்னேன். கீரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு அம்மாவிடமிருந்து வந்தது, எனக்கு இருக்கிறது, நான் வேலையை உதறவில்லை, என்னைத்தான் உதறினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தங்கை கணவர் தரையைப் பார்த்தார். கீரை விஷயத்தில் அவருக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

செல்வி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேத்து இதே எடத்துல வச்சுத்தானே கேட்டேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிண்ணே தலையாட்டுன?"

"செல்வி..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை.

"உனக்கு இருந்தா நான் உன்னைய என்ன சொல்லப்போறேன்? கூடப் பொறந்தவ. எம்புள்ளைக்கு மூணு வருஷம் போச்சேண்ணே..."

என் தங்கை அன்றைக்கு எனக்குக் காபி கொடுக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு அது முதல் தடவை. எழுந்து செருப்பைப் போட்டேன். பாலு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். "பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வாரேம்மா" என்றான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வண்டியை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டான். "மாமா, மூணு வருஷத்துக்கு முன்னாடி அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்க என்னையக் கூட்டிட்டுப் போனீங்களே... ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பதுதான் பேச்சு. பச்சை என்றால் அந்த வருடம் ஊர் செழிக்கும். சிவப்பு என்றால் முகம் சுண்டிப் போவார்கள். சிறு வயதிலிருந்து நான் ஒரு வழி வைத்திருந்தேன். கூட்டத்தில் அழகரைப் பார்க்க மாட்டேன், பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்ப்பேன். "பச்சைப் பட்டுடா!" என்று யாராவது கத்தியதும், அதே மூச்சில் நானும் கத்துவேன்.

"அன்னைக்கு அம்மா போன் பண்ணி என்ன பட்டுன்னு கேட்டாங்க. எனக்குச் சரியாத் தெரியல. மால மேல மால, ஒரே கலங்கலா இருந்துச்சு. பட்டு என்ன நிறம் மாமான்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க அழகரப் பாக்கல. பக்கத்துல நின்னவரத்தான் பாத்தீங்க. அவரு பச்சைன்னு கத்துனாரு. அப்புறந்தான் நீங்க பச்சைன்னு சொன்னீங்க."

நான் சட்டைப் பையில் பஸ் காசைத் தேடினேன்.

"அப்பவே எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு மாமா, என் கண்ணுல. யாரையாச்சும் கேக்கலாமான்னு இருந்தேன். உங்களப் பாத்ததும் விட்டுட்டேன். ஸுவாலஜி சாருக்கே இப்படித்தான் தெரியுதுன்னா, எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு நினைச்சுட்டேன்."

ஜீன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதற்கு நல்லது கெட்டது தெரியாது, அம்மாவிடமிருந்து கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் பாலுவுக்கு நான் என் கையால் கொடுத்தது வேறு. சந்தேகத்தை வெளியே கேட்காமல் விட்டுவிடலாம் என்பதை அவன் எந்தக் குரோமோசோமிலிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றங்கரையில் என் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

"மன்னிச்சுரு மாப்ள" என்றேன்.

அவன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எலெக்ட்ரிகல் பக்கம் ஏதாவது பார்க்கலாமா என்றால், அங்கேயும் வயர் கலர் பார்க்கச் சொல்வார்களே என்றான். விசாரிப்போம் என்றேன். இந்தத் தடவை மறைக்காமல் விசாரிப்போம்.

மதுரை பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பாலு கிட்டே வந்து நின்றான்.

"மாமா, அடுத்த சித்திரைக்கும் ஆத்துக்குப் போவோம். ஆனா ஒண்ணு. எனக்கும் கலர் தெரியாது, என் மருமகனுக்கும் தெரியாது, என்ன பட்டுன்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணேன்னு பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கேக்கணும். அதை நீங்கதான் கேக்கணும்."

அதுவரை பொறுப்பானேன்? பஸ் நகர்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, "அண்ணே, எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. இப்பப் பேசிட்டு இருந்தானே ஒரு பையன், அவன் சட்டை என்ன நிறம்?" என்று கேட்டேன்.