கதவு என்று பேர் வாங்கிய கிட்டார்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அப்பாவின் சுத்தியல், ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, என் சிலேட்டு ஆகியவற்றோடு ஒரு பேஸ் கிட்டாரும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும். தாராவியில் எங்கள் வரிசையில் வேறெந்த வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி குர்லாவில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் ஒரு மெல்லிசைக் குழுவில் அந்தக் கிட்டாரை வாசித்தார்.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்டது. பாட்டின் அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவரைக் கேட்பார்கள், புல்லாங்குழலைக் கேட்பார்கள், தபலாவுக்குத் தலையாட்டுவார்கள். இது பெரும்பாலோர் காதில் தனியாக விழுவதே இல்லை.

மாமாவின் கிட்டார் பம்பாயிலேயே ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. லாரிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டு கனமாக அடித்திருக்கும். தூக்கினால் தோள் இறங்கிவிடும். அதன் தலையில், கம்பியை முறுக்கும் இடத்தில், பித்தளைத் தகட்டில் செய்தவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை எந்த வித்வானும் கேள்விப்பட்டதில்லை. குழுவை நடத்தியவர் வங்கியில் குமாஸ்தா, மாட்டுங்காக்காரர். மாமா உள்ளே நுழையும்போதெல்லாம், "வாய்யா, யாராத்துக் கதவைக் கழட்டிண்டு வந்திருக்கே?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். கச்சேரியில் அவரைப் பின்வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் நிறுத்திவிடுவார்கள்.

அம்மா அதைக் கதவு என்று சொன்னதில்லை. ஆனால் கதவைப் போலத்தான் கழுவினாள். ஆயுத பூஜைக்குக் கழுவாத ஆயுதம் அவள் கணக்கில் ஆயுதமே இல்லை. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, செம்பு நிறையத் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றித் துடைத்து வைப்பாள். முதல் வருஷம் மாமா பதறிப்போய், "யக்கா, உள்ள கரண்டு சாமானெல்லாம் இருக்கு" என்று கத்தினாராம். பிறகு முதுகுப்பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. செய்தவர் தகட்டுக்கு அடியில் சுற்றிலும் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தார். இதை வாங்குகிறவன் பெட்டி வாங்க மாட்டான், சாக்கில் சுற்றி, ஆடி மழையில் ரயில் வாசலில் நின்றுகொண்டு போவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மாமா தடுக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, செம்பூரில் ஒரு சபையார் விஜயதசமிக்குக் கச்சேரி வைத்தார்கள். சபையின் பெரியவர் வீட்டில் லண்டனிலிருந்து மருமகன் வாங்கி வந்த பேஸ் கிட்டார் ஒன்று யாரும் வாசிக்காமல் கிடந்தது. அதை மேடையில் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டார். நடத்துகிறவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கை பழகட்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே அதை மாமாவிடம் கொடுத்து, "இந்தத் தடவை நீ முன்னாடி நிக்கலாம்யா" என்றார்.

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்போ நானும் வாரேன். முன்னால நின்னாத்தான எங்களுக்கும் தெரியும்?"

அதுவரை அவள் மாமாவின் கச்சேரி எதற்கும் போனதில்லை. போனாலும் தம்பி கண்ணில் படமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

சீமைக் கிட்டாருக்கு வெல்வெட்டு வைத்த பெட்டி இருந்தது. மாமா அதைப் பரணில் ஏற்றி, யாரும் தொடக்கூடாது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆயுத பூஜையன்று அவர் பட்டறையில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார். அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"மாமா தொடக்கூடாதுன்னு சொன்னாவ" என்றேன்.

"ஊரான் பொருளுன்னா மட்டும்? நம்ம கூரைக்குக் கீழ இருக்கையில கும்பிடாம விட்டா அந்த வீட்டுக்கு ஆகாதுல."

அவள் அதைச் சொன்ன விதத்தில் பெரியவரின் குடும்பத்தின் மேல் நிஜமான கவலை இருந்தது. இரண்டு கிட்டாருக்கும் வஞ்சனையில்லாமல் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். சீமைக் கிட்டார் விருந்தாளி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றியிருப்பாள்.

மாமா திரும்பியபோது பூஜை முடிந்துவிட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பொட்டோடும் பூவோடும் நின்றன. சீமைக் கிட்டாரின் அடியில் தரை நனைந்திருந்தது. அவர் கை தானாக நீண்டது.

"விடிஞ்சுதான் எடுக்கணும் தம்பி" என்றாள் அம்மா.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அப்போதே திறந்து துடைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். மாமா கையை மடக்கிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

மறுநாள் மத்தியானம் மூவரும் செம்பூருக்குப் போனோம். மாமா ஒரு தோளில் வெல்வெட்டுப் பெட்டியும் மறு தோளில் சாக்கில் சுற்றிய பச்சைக் கிட்டாருமாக வந்தார். மேடைக்குப் பின்னால் சீமைக் கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்தார்கள். கரகர என்று கொஞ்சம் இருமியது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"என்னய்யா பண்ணினே?"

"பந்த் ஆயிட்டு சார், பேச மாட்டேங்கு. தண்ணி பட்டுட்டு."

"தண்ணியா? யார் விட்டா தண்ணிய?"

அம்மா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கப்போனாள். மாமா அவள் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சார்" என்றார்.

நடத்துகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. கடைசியில் நடத்துகிறவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குழுவில் கிலுகிலுப்பை ஆட்டும் ஒரு பையன் இருந்தான், நல்ல சிவப்பு, சுருட்டை முடி. சீமைக் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவன் முன்னால் நிற்கவேண்டும். மாமா திரைக்குப் பின்னால் நின்று பச்சைக் கிட்டாரை வாசிக்கவேண்டும்.

"உன் கதவுதான் இன்னிக்கு மானத்தைக் காப்பாத்தணும். ஆனா வெளியில தெரியப்படாது, புரியறதா?"

"சரி சார்" என்றார் மாமா.

வெளியே வரும்போது அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் செஞ்சதுன்னு சொல்லிருதேன் தம்பி."

"சொன்னா மட்டும் அது பேசிருமா? நீ போயி உக்காருக்கா. முன்னால எடம் போயிரும்."

நாங்கள் நான்காவது வரிசையில் உட்கார்ந்தோம். கச்சேரி நன்றாகவே நடந்தது. சுருட்டை முடிப் பையன் கம்பிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு, தலையைச் சிலுப்பிக்கொண்டு நின்றான். எனக்கு ஒவ்வொரு பாட்டும் பயமாக இருந்தது, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முன்வரிசையில் பெரியவர் பக்கத்திலிருப்பவரிடம் உரக்கவே சொன்னார்:

"அடியில என்ன ஒரு கனம் பாத்தேளா? சீமைச் சாமான் சீமைச் சாமான்தான் ஓய்."

முடிவில் அவரே மேடையேறி அந்தப் பையனுக்குச் சால்வை போர்த்தினார். பையன் ஒரு முறை திரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கும்பிட்டான்.

சீமைக் கிட்டாரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாலு நாள் வெயிலில் காய்ந்ததும் அது பேசியது, நல்ல குரலில்தான் பேசியது, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. வெல்வெட்டில் படுப்பதற்கென்று செய்த பொருள் அது. மாமாவுடையது வேறு விதமாக வாழ்வதற்கென்று செய்யப்பட்டது. அப்புறமும் எத்தனையோ வருஷம் மழையிலும் ரயிலிலும் அலைந்தது, ஒரு கச்சேரியிலாவது அது பேசாமல் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. வாசிக்கிறவர்கள் முதலில் கிட்டாரின் தலையில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார்கள். வாங்குகிறவனிடம் இவ்வளவுதான் இருக்கும் என்று தெரிந்து, அவனுக்காக ரப்பர் வைத்து இறுக்கிக் கொடுத்த ஒருவருக்கு என்ன மரியாதை செய்வது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே வந்து, சயானுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றோம். எனக்கு அம்மாவின் மேல் கோபமாக இருந்தது. கச்சேரி முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முழங்கையால் இரண்டு மூன்று தடவை இடித்தும் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாளே தவிர கண்ணைத் திறக்கவில்லை. மாமா அங்கே திரைக்குப் பின்னால் வேர்த்து வழிந்து வாசித்துக்கொண்டிருக்க, இவள் இங்கே தூங்குகிறாளே என்று வெட்கமாக இருந்தது.

"மாமா, அம்மா பூராத்துக்கும் தூங்கிட்டா" என்று சொல்லிவிட்டேன்.

மாமா சிரித்தார். "பரவால்ல மருமவனே. கண்ணு முழிச்சிருந்தா மட்டும் என்னத்தப் பாத்திருப்பா? திரையத்தான்."

அம்மா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது பாட்டுல நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டியே தம்பி, ஏன்?" என்றாள்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் வார் அந்துட்டுக்கா. முட்டுல வச்சுப் பிடிக்கிறதுக்குள்ள தாளத்துல ரெண்டு அடி போயிட்டு. குழுவுலகூட ஒருத்தனும் கேக்கல."

"அதுக்குப் பொறவு சரியா வந்துட்டு" என்றாள் அம்மா.

மாமா சாக்குச் சுருட்டைக் கீழே இறக்கிவைத்துவிட்டுச் சாலையின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வரும்வரை அப்படியே நின்றார்.

தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். மாமாதான் வெளியே வந்ததும் எனக்குத் தெரியாமல் அவளிடம் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டு, சயான் வருவதற்குள் நானும் தூங்கிவிட்டேன்.