முதல் கிண்ணம்

தெருவில் அவளுக்குப் பெயர் இஸ்திரியக்கா. கணவரும் அவளுமாக நடத்தும் இஸ்திரிக் கடைக்குப் பின்னாலேயே வீடு. சுருங்கிப்போன எதையும் நேராக்கிவிடலாம் என்பது அவள் கொள்கை. சட்டைக் காலர், திரைச்சீலை, பத்து வருடம் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த கோட்டு என்று எல்லாம் அவளிடம் தோற்றுப்போயிருக்கின்றன. கணவரிடம் அந்தக் கொள்கை பாதிதான் பலித்தது. கணவரின் அக்காவிடம் பலிக்கவே இல்லை.

அந்த நாத்தனார் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்திலும் டீச்சர், தம்பி வீட்டிலும் டீச்சர். தூக்கத்திலும் யாரையாவது பெஞ்சு மேல் ஏற்றிக்கொண்டுதான் இருப்பார் என்பது இஸ்திரியக்காவின் சந்தேகம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அந்த வீட்டில் கோழி நூடுல்ஸ். பொட்டலத்தில் விற்கிற சமாச்சாரம் அல்ல. மாவு பிசைந்து, தேய்த்து, கத்தியால் அறுத்து, கோழிச் சாறில் வேகவைப்பது. காலமான மாமியாரின் கைவரிசை. அவர் விட்டுப்போன சட்டம் ஒன்றும் உண்டு: சமைத்த கைக்கு முதல் கிண்ணம். அதை மாமனார்தான் எடுத்து வைப்பார். அந்தக் கிண்ணம் காலியாகும் வரை யாரும் மேசையை விட்டு எழக்கூடாது. மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பச்சைக்கொடி இல்லாததுதான் குறை, மற்றபடி சட்டம் இம்மி பிசகாது.

பத்தொன்பது வருடமாக அந்த முதல் கிண்ணம் டீச்சருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் கல்யாணமான முதல் மாதம் நடந்த ஒரு தப்பினால் வந்த வினை. புது மருமகள் பதற்றத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். டீச்சர் உள்ளே வந்தார், கரண்டியால் எடுத்து ருசி பார்த்தார், ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார். மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்கினார். அம்மாவின் கை அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து டீச்சர் ருசி பார்ப்பதைக்கூட நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு வருவார், கண்ணை மூடுவார், ஒரு கை உப்பு, ஒரு பெருமூச்சு. அளவு கையிலேயே இருக்கிறதாம். அந்தக் கைக்கு இடம் விட்டுவைத்து, பத்தொன்பது வருடமும் உப்பே போடாமல் சமைத்தவளைப் பற்றி வீட்டுச் சரித்திரம் வாயைத் திறக்கவில்லை.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு செவ்வாய்க்கிழமை வரை. அன்றைக்குத் தேய்த்த துணியைக் கட்டப் பழைய தாளை உருவியபோது, டீச்சருடைய பள்ளி ஆண்டுமலரின் பக்கம் ஒன்று கையோடு வந்தது. ‘எங்கள் குடும்பச் சுவை’ என்று தலைப்பு. கீழே டீச்சரின் படம், உப்பு ஜாடியும் கையுமாக. உப்புப் போடும் விதத்துக்கே முழுதாக ஒரு பத்தி. அதற்கு முன்னால் ஒரு வரி: ‘மாவு பிசைவது, தேய்ப்பது போன்ற எடுபிடி வேலைகளை வீட்டில் சும்மா இருக்கும் யாரிடமாவது விட்டுவிடலாம்.’

அவள் அந்த வரியை மூன்றாவது முறை படித்து நிமிர்ந்தபோது, மேசைமேல் மறந்து விட்ட இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு முக்கோணமாகக் கருகியிருந்தது. அவள் தொழில் வாழ்க்கையில் கருகிய முதல் சட்டை. சட்டைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். நாத்தனாரை மன்னிப்பதாக உத்தேசம் இல்லை.

ஞாயிறு காலை, சும்மா இருக்கும் அந்த யாரோ ஐந்தரைக்கு எழுந்தாள். முற்றின கோழியாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். இளங்கோழியில் சதை கிடைக்கும், சாறு கிடைக்காது. வெங்காயம், மிளகு, கேரட்டோடு அதைச் சிறுதீயில் ஏற்றி, மேலே திரண்ட நுரையை எடுத்து எடுத்து எறிந்தாள். மாவில் மஞ்சள் கருக்களைப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைந்தாள். அன்றைக்கு அந்த மாவுக்கு ஒரு முகம் இருந்தது. முகத்தில் மூக்குக்கண்ணாடியும் இருந்தது. குத்திய குத்தில் மாவு காது மடல் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தாள், மாவுக்கு மட்டும்.

பிறகு இஸ்திரி மேசையைத் துடைத்து, மாவு தூவி, அடியில் பேப்பரை வைத்தால் எழுத்துத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்தாள். தேய்த்தவற்றை ஹேங்கரில் போட்டு, வாடிக்கைக்காரர்களின் சட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டாள். ஈரத்தோடு அறுத்தால் கத்தியில் ஒட்டும், முழுக்கக் காய்ந்தால் நொறுங்கும். நடுவில் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை அவள் விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவாள். ஆண்டுமலரில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால், கோழியைப் பிய்த்துப் போட்டு, நூடுல்ஸும் வெந்து, சாறு கெட்டிப்பட்டு வந்த நேரத்தில், இஸ்திரியக்கா உப்பு ஜாடியைத் திறந்தாள். ஒரு கை அள்ளிப் போட்டாள். கலக்கினாள். ருசி பார்த்தாள்.

அங்கேதான் பழி கொஞ்சம் தள்ளாடியது. தான் செய்தது தன் கை உப்போடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவ்வளவு நன்றாக இருந்தது. இதைக் கெடுக்கவா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். உப்புப் போட்டாகிவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.

"இந்தத் தடவையாவது மெல்லிசா தேய்ச்சியா? போன மாசம் ஒரே தடிப்பு. உன் மனசு கஷ்டப்படுமேன்னு நான் வாயத் திறக்கல."

"உங்க கை பட்டா எல்லாம் சரியாயிடும்க்கா" என்றாள் இஸ்திரியக்கா, குரலில் தேன் வடிய. ஜாடியை அவளே நீட்டினாள்.

டீச்சர் கண்ணை மூடினார். ஒரு கை உப்பு. அன்றைக்குப் பெருமூச்சு கொஞ்சம் நீளம்.

மேசையில் ஐந்து பேர். டீச்சர் வீட்டுக்காரரும் வந்திருந்தார். கல்யாணத்தன்று சம்மதம் சொன்னதற்கு அப்புறம் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மாமனார் எழுந்து நின்று, முதல் கிண்ணத்தை நிரப்பி, மகள் முன்னால் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க டீச்சர் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

இருபத்தைந்து வருடம் வகுப்பில் சிரிக்காமலே பழகிய முகம் அது. அன்றைக்கு அதன் பயிற்சி முழுக்கத் தேவைப்பட்டது. விழுங்கினார். நன்றாக வந்திருக்கிறது என்று தொண்டையிலிருந்து எதையோ இழுத்துச் சொன்னார். அதை நம்பி மற்றவர்களும் கரண்டியை எடுத்தார்கள். டீச்சர் வீட்டுக்காரர் மூன்று டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். தம்பிக்குப் புரையேறியது. மாமனார் மட்டும் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"யாரு பண்ணினது இத?"

டீச்சர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "என்னப்பா என்னைப் பாக்கறீங்க? மாவு பிசைஞ்சது அவ. தேய்ச்சது அவ. கோழிய வேக வச்சது, அறுத்தது, போட்டது எல்லாம் அவதான். நான் வந்ததே பன்னிரண்டு மணிக்கு."

இஸ்திரியக்கா தலையைக் குனிந்துகொண்டு, பரீட்சையில் சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டாள். "போன மாசம்க்கா?"

"போன மாசமும்தான். எந்த மாசம்டி நான் மாவத் தொட்டிருக்கேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது டீச்சரின் காதில் விழுந்தது. திரும்பிக் கூப்பிட முடியாத தூரத்துக்கு வார்த்தை போய்விட்டிருந்தது. மாமனார் மகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். ரயிலில் டிக்கெட் இல்லாமல் பத்தொன்பது ஸ்டேஷன் வந்துவிட்ட ஆளைப் பார்க்கிற பார்வை மறுபடி மகள் பக்கம் திரும்பியது. பிறகு மகள் முன்னால் இருந்த கிண்ணத்தை இழுத்து, குறைந்ததை நிரப்பி, மருமகள் முன்னால் நகர்த்தினார்.

"அப்போ இது உனக்குச் சேர வேண்டியதும்மா."

அது பரிசா தண்டனையா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இஸ்திரியக்கா அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. நாக்கு எரிய எரிய, உதடு வெந்துபோக, ஒரு இழையும் விடாமல், டீச்சரின் கண்ணைப் பார்த்தபடியே நிதானமாகச் சாப்பிட்டாள். கிண்ணம் காலியாகும் வரை யாரும் எழ முடியாது. அவரவர் பங்கு அவரவர் முன்னால் இருந்தது. டீச்சரும் வேறு வழியில்லாமல் கரண்டியை எடுத்தார்.

கடைசிச் சொட்டையும் வழித்துவிட்டு இஸ்திரியக்கா வாயைத் துடைத்தாள். டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மாமா, இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்றாள் இஸ்திரியக்கா.