மாத்திரை முழுங்கிய பிறகுதான் ஆமென்

எங்கள் அன்பு அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நித்திரையடைந்தார் என்பது அவருடைய சபையார் சொல்லும் சொல். நான் சபையைச் சேர்ந்தவன் அல்ல. கடலூர் பழைய டவுனில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி. அக்காவின் மகள் எஸ்தர்தான், "சபைக்காரங்க எழுதுனா ஒரே புகழ்ச்சியா இருக்கும் மாமா. நீங்க எழுதுனாதான் அது எங்கம்மாவா இருக்கும்" என்று இந்த வேலையை என் தலையில் கட்டினாள்.

எனக்கும் எழுத ஒரு காரணம் இருந்தது. அடக்கத்தன்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என் காதருகே வந்து, "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணி சொகமாக்குச்சே, அதுக்கு மட்டும் ஏன்யா சொகம் கெடைக்கல?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவு வீட்டில் சண்டை எதற்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த நினைவு மலர் அவர் கைக்கும் போகும். பதிலை இதில் படித்துக்கொள்ளட்டும்.

அக்கா பிறந்தது தேவனாம்பட்டினத்தில். அப்பா கடல் தொழில், அம்மா மீன் வியாபாரம். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அக்காவின் படிப்பு பாதியில் நின்றது. அதற்காக அவர் யாரையும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. என்னைத்தான் அவ்வப்போது, "ஒன் மூக்கத் தொடைக்கத்தான்டா நான் பள்ளிக்கூடத்த வுட்டேன்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லி மானத்தை வாங்குவார்.

சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருந்த மாமாவுக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். தலைப்பிரசவத்தில் எஸ்தர் பிறந்தாள். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க, அக்கா மட்டும் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. குழந்தையைத் தொடவே பயந்தார். "எங்கையில குடுக்காதீங்க, கீழ போட்டுருவேன்" என்று சுவரோரம் ஒதுங்கி அழுவார். அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். ஒன்றும் மாறவில்லை.

சிதம்பரத்தில் அக்காவின் பக்கத்து வீட்டில் ஒரு கிறிஸ்தவ நர்ஸம்மா இருந்தார். டியூட்டி முடிந்து வந்ததும் நேராக அக்காவிடம் வருவார். சிக்குப் பிடித்த தலையை வாரிப் பின்னிவிடுவார். பிறகு அந்தத் தலையிலேயே கை வைத்து மெதுவாக ஜெபிப்பார். அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அக்காவுக்குத் தூக்கம் வந்தது. ஒருநாள் காலையில் யாரும் சொல்லாமலே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தாயத்துதான் காரணம் என்றார் அம்மா. மாத்திரை என்றார் மாமா. இயேசுதான் என்றார் அக்கா.

அவர் ஞானஸ்நானம் எடுத்து, மகளுக்கும் எஸ்தர் என்று பெயர் வைத்த செய்தி ஊருக்கு வந்ததும் அப்பா, "இனி இந்தப் படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொங்கலுக்கே அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார். "சாமியத்தான்பா மாத்துனேன். அப்பாவ மாத்தலையே" என்றார். அப்பா கையை நீட்டிப் பேத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தோடு அந்தச் சண்டை முடிந்தது.

மாமா காலமான பிறகு அக்கா ஜாக்கெட் தைத்தே மகளைப் படிக்க வைத்தார். தையல் மெஷினுக்கு வேலை இல்லாத நாளிலும் ஜெபத்துக்கு வேலை இருந்தது. "கர்த்தர் பாத்துக்குவாரு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில் உபவாச ஜெபம் நடக்கும். சேத்தியாத்தோப்பிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். நோயாளி யாராக இருந்தாலும் அக்காவின் முதல் கேள்வி, "மாத்திர கொண்டாந்தியா?" அதை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பார். ஜெபம் முடிகிற நேரத்தில் நிறுத்திவிடுவார். நோயாளி மாத்திரையை வாயில் போட்டு முழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "ஆமென்" சொல்வார். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று நினைத்து, ஒரு பெரியவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "தாத்தா, வாயத் தொறங்க. ஆண்டவரு காத்துக்கிட்டிருக்காரு" என்றார் அக்கா. பாவம், மனுஷன் முழுங்கிவிட்டார்.

நான் கோயிலுக்குப் போகிறவன். ஆமென் என் வாயில் வந்ததில்லை. எங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அக்கா வந்து ஜெபிப்பார், நான் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பேன். "சொல்லாட்டி போ. தண்ணியயாவது எடுத்தா" என்பார். அப்படித்தான் அவர் ஜெபத்தில் எனக்குத் தண்ணீர் டம்ளர் பிடிக்கிற உத்தியோகம் கிடைத்தது.

பிறகு அவருக்கே சர்க்கரை நோய் வந்தது. ஊருக்குச் சொன்ன பேச்சைத் தான் மீறக்கூடாது என்று மாத்திரையை விடவில்லை. உபவாசத்தையும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலி வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபத்தில் நின்றவர், அப்படியே சரிந்து விழுந்தார். கூடியிருந்தவர்கள் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து, கையைத் தட்டி இன்னும் சத்தமாகப் பாடினார்கள். மீன் கொடுக்கப் போன என் மனைவி சாந்தி வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் சர்க்கரைக்காரர். அக்காவின் ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைக் கண்டதும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அடுக்களையிலிருந்து சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்து, "ஏன் பாட்ட நிறுத்திட்டீங்க?" என்றாராம்.

அடுத்த வெள்ளியன்று எல்லோர் முன்னாலும் அவரே எழுந்து சொன்னார்: "நான் போன வாரம் விழுந்தது ஆவியில இல்ல, சக்கரையில. சக்கர மாத்திர போடுறவங்க யாரும் பட்டினி கெடக்காதீங்க. இவ எந்தம்பி பொண்டாட்டி. இவ கையிலதான் ஆண்டவரு அன்னிக்கு வந்தாரு." சாந்தி வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உபவாச ஜெபம் கஞ்சியோடு நடந்தது.

சர்க்கரை சிறுநீரகத்தைக் கெடுத்தது. டயாலிசிஸ் தொடங்கினார்கள். அக்கா பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. நான் கோயில் கோயிலாகப் போனேன், சபையார் முழங்காலில் நின்றார்கள். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து, "மெஷின நம்பாதீங்க சிஸ்டர், விசுவாசத்தோட நிறுத்துங்க" என்றார். நான் கையை ஓங்கியிருப்பேன். அக்கா பணிவாக, "ஐயா, நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுதான வேதம் படிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் இதயமும் தளர்ந்தது. டயாலிசிஸை உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அடக்க முடியாமல் நானே கேட்டேன்: "இத்தன பேருக்கு வேண்டுனியேக்கா, ஒனக்கு ஏன் அவரு சொகம் குடுக்கல?"

அக்கா மகள் மடியில் தலை வைத்திருந்தார். எஸ்தர் அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள். "பெத்த புள்ளையத் தொட பயந்தவடா நானு. இப்ப சாவு பக்கத்துல ஒக்காந்திருக்கு, பயமே இல்ல. அவரு எனக்குச் சொகம் குடுத்து ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார்.

கேள்வி கேட்ட சொந்தக்காரருக்கு இதுதான் பதில்.

அக்காவின் தலையைப் பின்னி அவரை எங்களுக்கு மீட்டுத் தந்த, இன்று நம்மிடையே இல்லாத நர்ஸம்மாவையும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட சிதம்பரம் டாக்டர்களையும், செவிலியரையும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களையும், அடக்கத்தன்று கடலூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து, அக்கா பாடச் சொல்லியிருந்த பாட்டு தெரியாமலே கூட நின்று பாடிய எங்கள் ஊர்க்காரர்களையும் குடும்பத்தார் அனைவரும் கைகூப்பி வணங்குகிறோம்.

இன்னும் ஒன்று உண்டு. அந்தப் பதிலைச் சொன்ன மறுநாள் காலை அக்கா கண்ணை மூடி உதடசைத்து ஜெபித்தார். பழக்க தோஷத்தில் நான் டம்ளரில் தண்ணீரோடு போய் நின்றேன். ஜெபத்தை முடிக்காமல் நிறுத்தி, கண் திறந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கொடுக்க மாத்திரை ஒன்றும் இல்லை.

"டம்ளர வெச்சிடு தம்பி" என்றார். "இன்னிக்கு நீ சொல்லு."

சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இப்போதும் சொல்கிறேன் அக்கா. ஆமென்.