சித்தியின் மேரி

சித்தி கல்யாணமாகி பிரான்சுக்குப் போனபோது, ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் வீடு என்று எங்கள் ஊர்க் கோவில்பத்துப் பிள்ளைகளிடமெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு குக்கிராமம்! ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சித்தி ஊரைச் சுற்றிக் காட்டுவாள். பாசி பிடித்த மாதா கோவில், கல்பாலம், அந்தக் காலத்துப் பெண்கள் கூடித் துணி துவைத்த ஓட்டுக்கூரைத் துறை, பாதி இடிந்த கோட்டை. ஒரு மனுச முகம் கிடையாது. எனக்கு மகா எரிச்சல்.

அம்மாவுக்கு வேறு கவலை. அந்தச் சம்பந்தத்தைப் பிடித்து முடித்ததே அவள்தான். சித்தப்பா விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சித்திக்கோ அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை வராது.

"கோட்டையும் பாலமும் கெடக்கட்டும்டி. பேச ஒரு ஆளு இருக்கா அங்க? இல்லேன்னா பொறப்பட்டு வந்துடு," என்றாள் ஒருநாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சித்தி, "நேத்து நானே தனியா மேரிக்குப் போனேன்க்கா," என்றாள். அதோடு லைன் கட்டாகிவிட்டது.

நான் குதித்தேன். "அம்மா! சித்திக்கு மேரின்னு ஒரு ஃப்ரெண்டு கெடச்சுட்டாங்க!"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அப்புறம் 'வந்துடு' என்ற பேச்சே இல்லை. வாராவாரம், "மேரி எப்படி இருக்கா?" என்பாள். "நல்லா இருக்காக்கா," என்பாள் சித்தி. அந்த மேரியை ஒருதரம் பார்த்துவிட எனக்கு அவ்வளவு ஆசை.

போன கோடையில் அந்த ஊருக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதுதான் இப்போது சித்தியின் வேலை. பிரெஞ்சில் வாய் ஓயவில்லை. "மேரி எங்க சித்தி?" என்றேன். கொடி பறந்த ஒரு கட்டடத்தைக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஊராட்சி ஆபீசுக்கு அங்கே அதுதான் பேராம். மொழி வகுப்பில் சேர அங்கேதான் போயிருக்கிறாள்.

"அக்கா அத ஆளுன்னு நெனச்சுட்டா. நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் போட்டு உடைத்தேன்.

"அடிப்போடி! காரைக்கால்ல பொறந்தவளுக்கு மேரி தெரியாதா? எங்கப்பா பொறந்ததப் பதிஞ்சதே பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க இருந்த மேரியிலதான். பாஷை தெரியாத ஊர்ல ஒத்தையா ஆபீசு படியேறிட்டான்னா, இனிமே அவ பொழச்சுக்குவான்னு தோணிச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இன்னும் மேரியை விசாரிக்கிறாள். சித்தியும் 'நல்லா இருக்கா' என்கிறாள். மேரி யாரென்று தெரியாமல் இத்தனை வருசம் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.